டான்ஸ் ஹாலும் ஹட்டி மைதானமும்: நீலகிரிப் பாட்டு, ஆட்டம் பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் நீலகிரியில் குன்னூருக்குப் பக்கத்தில் இருக்கும் அருவங்காட்டில் வளர்ந்தவள். அப்பாவுக்குக் கார்டைட் (வெடிமருந்து) பேக்டரியில் வேலை, பள்ளிக்கூடம் குன்னூரில். எழுபதுகளில் அந்த மலையில் சிறுமியாக இருந்தேன் என்று தெரிந்ததும் அண்ணன் பிள்ளைகள், அவர்களுடைய சிநேகிதர்கள், கல்யாண வீட்டில் பக்கத்து நாற்காலிக்காரர் என எல்லோரும் ஒரே மாதிரித்தான் ஆரம்பிப்பார்கள்: "அந்தக் காலத்தில் ஊட்டியில் டான்ஸ் எல்லாம் நடக்குமாமே, பார்த்திருக்கீங்களா அத்தை?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. கேள்விகளையும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

டான்ஸ் ஹால் என்று ஒன்று உண்மையிலேயே இருந்ததா, சினிமாக்காரர்கள் கிளப்பிவிட்டதா?

இருந்தது. ஆனால் வாசலில் 'டான்ஸ் ஹால்' என்று போர்டு மாட்டிய கட்டிடத்தைத் தேடினால் கிடைக்காது. கிளப், ஹோட்டல், பேக்டரி ஊர்களில் இருந்த இன்ஸ்டிட்யூட் (ஊழியர்களின் பொழுதுபோக்கு மன்றம்), கிறிஸ்துமஸ் சமயத்தில் பள்ளிக்கூட ஹால் என்று எங்கே மரத்தரை இருந்ததோ அங்கே ஆட்டம் நடந்தது.

இதற்கு வேர் வெள்ளைக்காரர்களின் 'சீசன்'. 1820-களில் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் ஊட்டியில் ஸ்டோன் ஹவுஸ் கட்டிக் குடியேறினார். பிறகு கோடை வந்தால் சென்னை மாகாண அரசாங்கமே மூட்டை கட்டிக்கொண்டு மேலே வந்துவிடும் என்ற நிலை உண்டானது. கவர்னர் வந்தால் அதிகாரிகள் வருவார்கள். அதிகாரிகள் வந்தால் அவர்களுடைய குடும்பங்களும் வரும். இத்தனை பேருக்கும் குளிர்கிற சாயங்காலங்களில் பொழுது போக வேண்டுமே. ஊட்டி கிளப் கட்டிடம் முதலில் வில்லியம் ரம்போல்டு என்பவர் ஹோட்டலாகக் கட்டியது. ஸ்நூக்கர் ஆட்டத்தின் விதிகளை 1882-இல் எழுதி மாட்டியது அந்தக் கிளப்பில்தான் என்பதை ஊட்டிக்காரர்கள் யாரும் சொல்லாமல் விடமாட்டார்கள், நானும் விடவில்லை. மைசூர் மகாராஜாக்களின் பெர்ன்ஹில் அரண்மனையில் பெரிய பால்ரூம் இருக்கிறது. அதன் கூரையில் காகிதக்கூழால் செய்த வேலைப்பாடு உண்டு. அசெம்பிளி ரூம்ஸ் என்றால் எங்கள் தலைமுறைக்கு இங்கிலீஷ் படம் ஓடும் தியேட்டர். அதற்கு முந்தைய தலைமுறைக்கு அது நாடகமும் நடனமும் நடந்த இடம். வெலிங்டனில் ஜிம்கானா கிளப், ராணுவ மெஸ்கள்.

எனக்குத் தெரிந்த ஹால் இவற்றில் எதுவும் இல்லை. எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில், தகரக் கூரை போட்ட, மழை பெய்தால் உள்ளே பேச்சே கேட்காத ஒரு சின்ன இன்ஸ்டிட்யூட் ஹால். நான் சொல்லப்போவது பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

அங்கே யார் ஆடினார்கள்?

நான் பார்த்த காலத்தில் பெரும்பாலும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள். பேக்டரி, ரயில்வே, தபால் தந்தி, பள்ளிக்கூடம் என்று வேலை பார்த்தவர்கள். 1899-இல் குன்னூருக்கும் 1908-இல் ஊட்டிக்கும் ரயில் வந்தது. 1900-களின் தொடக்கத்திலேயே அருவங்காட்டில் பேக்டரியும் வந்துவிட்டது. இரண்டிலும் அவர்கள் நிறைய இருந்தார்கள். கேத்தியில் இருக்கும் லெய்ட்லா பள்ளி, அந்தச் சமூகத்துப் பிள்ளைகளுக்கென்றே செயின்ட் ஜார்ஜஸ் ஹோம்ஸ் என்ற பெயரில் தொடங்கியதுதான். அப்புறம் வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜுக்குப் பயிற்சிக்கு வரும் ராணுவ அதிகாரிகள், எஸ்டேட் மேனேஜர்கள். அவர்களுக்குக் கிளப் இருந்ததால் எங்கள் ஹாலுக்கு அதிகம் வரமாட்டார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, கனடா என்று கப்பல் ஏறிக்கொண்டே இருந்தன. நான் பார்த்தது வாலைத்தான். ஒரு கிறிஸ்துமஸுக்கு எட்டு ஜோடி ஆடிய இடத்தில் அடுத்த கிறிஸ்துமஸுக்கு ஐந்து ஜோடி ஆடும். எங்கள் பக்கத்து வீட்டு ஆன்ட்டியின் தங்கை குடும்பத்தோடு பெர்த்துக்குப் போனபோது, அவர்கள் விட்டுப்போன கிராமபோன் எங்கள் தெருவில் வீடு வீடாகச் சுற்றியது. அந்தக் காலத்தில் குடும்பங்கள் ஊரைவிட்டுப் போனதை இப்படிப் பொருட்களை வைத்துத்தான் கணக்குப் பார்த்தோம்.

நீங்கள் உள்ளே போய் ஆடியிருக்கிறீர்களா?

ராத்திரியில் இல்லை. பகலில் அந்தத் தரையில் விழுந்து புரண்டிருக்கிறேன். அதைச் சொல்கிறேன்.

நடனத்தரை வெறும் பலகை இல்லை. பலகைக்குக் கீழே குறுக்குக் கட்டைகள், அவற்றுக்குக் கீழே காற்றுப்போக இடைவெளி. கால் பதியும்போது தரை கொஞ்சம் அமுங்கிக்கொடுக்கும், மணிக்கணக்கில் ஆடினாலும் முழங்கால் வலிக்காது. சிமெண்டுத் தரையில் அப்படி ஆட முடியாது. பலகை மட்டும் போதாது, அது வழுக்கவும் வேண்டும். அதிலும் அளவு உண்டு. ரொம்ப வழுக்கினால் ஹீல்ஸ் போட்டவர்கள் விழுவார்கள், வழுக்காவிட்டால் திரும்பும்போது கால் பிடித்துக்கொள்ளும். அதனால் ஆட்டத்துக்கு முன்னால் 'பிரெஞ்ச் சாக்' என்ற வெள்ளைப் பவுடர் தூவுவார்கள். பெயரில்தான் சாக்கட்டி, உண்மையில் அது டால்கம் வகை. அது கிடைக்காவிட்டால் மெழுகுவர்த்தியைச் சீவிப் போடுவார்கள். கேரம் போர்டுக்குப் போடும் போரிக் பவுடரைப் போட்டும் பார்த்திருக்கிறேன்.

பவுடர் போட்டால் அது பலகையில் இறங்க வேண்டும். அதற்குத்தான் நாங்கள். தேயிலைச் சாக்கை விரித்து, அதன்மேல் ஒரு பிள்ளையை உட்காரவைத்து, இன்னும் இரண்டு பிள்ளைகள் முனையைப் பிடித்துக்கொண்டு ஹாலின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு இழுத்துக்கொண்டு ஓட வேண்டும். தரை பளபளப்பாகிவிடும். கூலி ஆளுக்கு ஒரு கேக் துண்டு. எந்த ஜாதி, எந்த மதம் என்று அங்கே யாரும் பார்க்கவில்லை, எடை மட்டும்தான் பார்த்தார்கள். கொஞ்சம் குண்டான பிள்ளை உட்கார்ந்தால் மெருகு நன்றாக வரும். நான் ஒல்லி. இழுக்கிற வேலைதான் கிடைத்தது.

ராத்திரி ஏழு மணிக்குமேல் எங்களுக்கு ஜன்னல்தான். ஜன்னலுக்கு வெளியே நல்ல சரிவு. கல்லைப் போட்டு, அதன்மேல் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்ப்போம். மூச்சுக் காற்றில் கண்ணாடி மங்கிவிடும், ஸ்வெட்டர் கையால் துடைத்துவிட்டு மறுபடி பார்ப்போம். உள்ளே இருப்பவர்கள் துரத்தியதில்லை. துரத்தியது எங்கள் அம்மாக்கள்தான்.

பேண்டில் யார் வாசித்தார்கள்?

இதற்குப் பதில் சொல்வது எனக்குப் பிடிக்கும். டான்ஸ் ஹால் வெள்ளைக்காரர் சமாச்சாரம் என்று நினைத்துக் கேட்பவர்களுக்கு இது வியப்பாக இருக்கும்.

ஊட்டியில் சீசன் சமயத்தில் பெரிய ஹோட்டல்களுக்குப் பெங்களூர், சென்னையிலிருந்து பேண்ட் வரும். கோவாக்காரர்கள் நிறைய. சாக்ஸபோன், டிரம்பெட், டபுள் பேஸ், டிரம் செட், ஒரு பாடகர். மெட்ராஸ், பம்பாய் சினிமா ஆர்க்கெஸ்ட்ராக்களிலும் வாசித்தது இதே மாதிரிக் கலைஞர்கள்தான். எங்கள் மாதிரிச் சின்ன ஹாலுக்கு அவ்வளவு பணம் கட்டுபடியாகாது. அதனால் உள்ளூர் ஆட்கள். பியானோவுக்குப் பள்ளிக்கூடத்து மியூசிக் டீச்சர். டிரம்பெட்டுக்கு ராணுவத்தில் ஓய்வுபெற்றவர். வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டர் இருப்பதால் நோட் பார்த்து வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு எங்கள் ஊரில் பஞ்சமே இல்லை. டிரம்ஸுக்கு எங்கள் லைனில் குடியிருந்த ஒரு மாமா, அப்பாவோடு ஒரே ஷிப்டு.

அந்த மாமா சனிக்கிழமை ராத்திரி கோட்டு போட்டுக்கொண்டு ஹாலில் ஃபாக்ஸ்டிராட் வாசிப்பார். சித்திரையில் குன்னூர் தந்தி மாரியம்மன் திருவிழா வந்தால் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஊர்வலத்தில் தவில்காரர் பக்கத்தில் நடப்பார். கல்யாணத்தில் பேண்ட் செட்டுக்கு ஆள் குறைந்தால் அங்கேயும் போவார். ஒரு சனிக்கிழமை ஜன்னலில் நின்றபோது, ஆட்டத்துக்கு நடுவில் அவர் ஒரு தவில் தீர்மானத்தை (முத்தாய்ப்பாக வாசிக்கும் தாளக் கோர்வை) ஸ்நேர் டிரம்மில் அப்படியே போட்டார். ஆடிக்கொண்டிருந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை, கால் மட்டும் தடுமாறியது. ஜன்னலுக்கு வெளியே நாங்கள் கை தட்டினோம். ஹாலுக்குள் ஆடியவர்கள் யாராக இருந்தாலும், அந்தச் சத்தம் எங்கள் தெருவினுடையது.

என்ன பாட்டுகள்?

நாட்டுப்புற மெட்டில் இருக்கும் அமெரிக்கப் பாட்டுகளுக்கு அங்கே தனி மவுசு. ஜிம் ரீவ்ஸ் என்றால் உருகிவிடுவார்கள். கிளிஃப் ரிச்சர்டுக்கும் எங்கெல்பர்ட் ஹம்பர்டிங்குக்கும் வேறு காரணம்: முதலாமவர் 1940-இல் லக்னோவில் பிறந்தவர், இரண்டாமவர் 1936-இல் நம்ம மெட்ராஸில் பிறந்தவர். பக்கத்து வீட்டு ஆன்ட்டி இரண்டு பேரையும் ஒன்றுவிட்ட தம்பிகள் மாதிரித்தான் பேசுவார். எழுபதுகளின் கடைசியில் போனி எம் வந்தது, அதோடு ஜோடி ஆட்டம் குறைந்து எல்லோரும் தனித்தனியாகக் குதிக்க ஆரம்பித்தார்கள். பெரியவர்களுக்கு அது பிடிக்கவில்லை. எனக்கும்கூடப் பழையதுதான் பார்க்க அழகாக இருந்தது.

தமிழ்ப் பாட்டு ஹாலுக்குள் வந்ததா என்றும் கேட்பார்கள். நேராக வந்ததில்லை. ஆனால் சினிமாவில் விஸ்வநாதன் ராமமூர்த்தி காலத்திலிருந்தே ட்விஸ்ட், வால்ட்ஸ், லத்தீன் தாளம் எல்லாம் இருந்தன. சந்திரபாபு யோடலிங் பண்ணினார், எல்.ஆர். ஈஸ்வரி கிளப் பாட்டுப் பாடினார். அதனால் ஹாலில் கேட்டது எங்களுக்கு அந்நியமாகவே தெரியவில்லை. தெரிந்த மெட்டில் தெரியாத வார்த்தை, அவ்வளவுதான்.

வால்ட்ஸ், ஃபாக்ஸ்டிராட், ஜைவ்: இவற்றை எப்படிப் பிரித்தறிவது?

தொடையில் தட்டிப் பாருங்கள். ஒன்று-இரண்டு-மூன்று என்று முதல் தட்டு அழுத்தமாக வந்தால் வால்ட்ஸ், நம் திஸ்ர நடை. நான்கு நான்காக நிதானமாக நடந்தால் ஃபாக்ஸ்டிராட். அதே நான்கு, வேகமாகத் துள்ளினால் ஜைவ். கடைசிப் பாட்டு பெரும்பாலும் வால்ட்ஸாகத்தான் இருக்கும். அது ஆரம்பித்ததும் நாங்கள் கல்லைவிட்டு இறங்கி ஓடிவிடுவோம், இல்லாவிட்டால் வெளியே வருகிறவர்களிடம் மாட்டிக்கொள்வோம்.

வீட்டில் திட்டமாட்டார்களா? பெண் பிள்ளை வேறு.

திட்டினார்கள். 'சட்டைக்காரங்க டான்ஸ்' (ஆங்கிலோ இந்தியர்களை ஊரில் அப்படித்தான் சொல்வார்கள்) என்று அம்மா சொல்லும்போது குரலில் கொஞ்சம் ஏளனமும் நிறைய ஆவலும் இருக்கும். திட்டி முடித்ததும் "என்ன கலர் கவுன் போட்டிருந்தா?" என்று கேட்பார்.

இதில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆண் கையைப் பெண் பிடித்து ஆடுவதுதான் ஊர்க்காரர்களுக்கு உறுத்தலாக இருந்தது. ஆனால் ஜன்னலில் நின்று பார்த்த எனக்குப் பட்டது வேறு. அந்த ஹாலில் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் ஆண் வந்து கேட்க வேண்டும், பெண் முடியாது என்று சொல்லலாம், சொன்னால் அவர் போய்விட வேண்டும். எங்கள் வீடுகளில் கல்யாணத்துக்கே அப்படிக் கேட்டதில்லை. பத்துப் பதினோரு வயதில் இதை யாரிடமும் சொல்லத் தெரியவில்லை.

அப்போது மதுவிலக்கு இருந்ததே, பார்ட்டி எப்படி நடந்தது?

மதுவிலக்கு 1948-இல் மாகாணம் முழுக்க வந்தது. 1971-இல் எடுத்தார்கள், சில ஆண்டுகளில் மறுபடி கொண்டுவந்தார்கள். பர்மிட் வைத்திருந்தவர்கள் இருந்தார்கள். எங்கள் ஹாலில் கண்ணுக்குத் தெரிந்தது எலுமிச்சை ஜூஸும் இஞ்சி ஒயினும். கண்ணுக்குத் தெரியாததைப் பற்றி ஜன்னலிலிருந்து என்ன சொல்ல முடியும்?

ஹாலுக்குப் போகாதவர்கள் பாட்டு எங்கே கேட்டார்கள்?

சிலோன் ரேடியோவில். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

1952-இல் கேஸ்கர் என்ற மத்திய அமைச்சர் ஆகாசவாணியில் சினிமாப் பாட்டைக் கிட்டத்தட்ட நிறுத்தியே விட்டார். கேட்கிறவர்கள் என்ன செய்வார்கள்? முள்ளைத் திருப்பினார்கள், கொழும்பு கிடைத்தது. 1957 அக்டோபரில் விவித் பாரதி வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. பி.எச். அப்துல் ஹமீது, கே.எஸ். ராஜா மாதிரி அறிவிப்பாளர்களின் உச்சரிப்பைக் கேட்டு எங்கள் பள்ளிக்கூடத்தில் பையன்கள் 'ழ'கரம் பழகினார்கள். காலையில் 'பொங்கும் பூம்புனல்', பிறந்தநாள் வாழ்த்துகள். நிகழ்ச்சி முடிவதற்குள் வீட்டைவிட்டுக் கிளம்பாவிட்டால் பஸ்ஸைப் பிடிக்க முடியாது, கடிகாரம் பார்க்கவே வேண்டாம்.

மலையில் எப்படி எடுத்தது என்று கேட்கிறார்கள். சிற்றலை மேலே போய் வானத்திலுள்ள அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி வருவது. நடுவில் தொட்டபெட்டா சிகரமே நின்றாலும் அதற்குக் கவலை இல்லை. பண்பலை அப்படியில்லை, மலை மறைத்தால் போச்சு. அதனால் எங்கள் ஊரில் முந்நூற்றுக்கு மேற்பட்ட மைலுக்கு அப்பால் இருக்கும் கொழும்பு கேட்கும். கூரையில் வலை மாதிரிப் பட்டையான செம்புக் கம்பி ஏரியல் கட்டுவோம், இரண்டு முனையிலும் பீங்கான் குமிழ். மழைக்காலத்தில் குரல் அலை அலையாக வந்து போகும். ரேடியோ வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும், ஆண்டுக்கு ஒரு தடவை தபால் ஆபீஸில் பணம் கட்ட வேண்டும். எண்பதுகளில்தான் அதை எடுத்தார்கள். லைசென்ஸ் கட்டாத வீடுகளில் சத்தம் கம்மியாக வைப்பார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. எங்கள் தெருவில் அப்படி யாரும் கம்மியாக வைத்து நான் கேட்டதில்லை.

பைலா பாட்டு நீலகிரிக்கு எப்படி வந்தது?

ஆட்களோடு வந்தது. 1964-இல் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் போட்டார்கள். இலங்கையின் மலையகத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக வேலை செய்த தமிழர்களில் பெரும்பகுதியினர் இந்தியாவுக்குத் திரும்ப வேண்டும் என்று முடிவானது. திரும்பியவர்களில் நிறையப் பேருக்கு நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் வேலை கொடுத்தார்கள், இன்றைய டான்டீ. கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர் பக்கமெல்லாம் அவர்களுடைய குடியிருப்புகள்.

இலங்கையில் போர்த்துகீசியர் விட்டுப்போன தாளத்தில் பிறந்ததுதான் பைலா. ஆறு தட்டில் சுழலும், காலைச் சும்மா வைத்திருக்க முடியாது. எழுபதுகளில் சிலோன் மனோகர் மாதிரியானவர்கள் பாடிய பொப் பாட்டுகள் தமிழ்நாடு முழுக்கப் பரவின. ஆனால் எங்கள் ஊரில் அவை ரேடியோவில் வருவதற்கு முன்பே தோட்டத்துப் பிள்ளைகள் வாயில் இருந்தன. என் வகுப்பில் கண்டியிலிருந்து வந்த ஒருத்தி இருந்தாள். இடைவேளையில் பெஞ்சைத் தட்டிக்கொண்டு பாடுவாள், டீச்சர் வரும் சத்தம் கேட்டால் அதே தாளத்தில் வாய்ப்பாடு சொல்வாள். அவள் வீட்டுக்கு மாசி மாதத்தில் மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்துப் பார்க்கப் போயிருக்கிறேன். தப்பு மேளத்தை நெருப்பில் காய்ச்சிக் காய்ச்சி அடிப்பார்கள். எங்கள் ஊர்ப் பனிக்குத் தோல் நிமிடத்தில் தளர்ந்துவிடும், நெருப்பு பக்கத்திலேயே எரிய வேண்டும்.

ஊர்க்காரர்கள் அவர்களைச் 'சிலோன்காரங்க' என்று ஒதுக்கித்தான் வைத்தார்கள். அவர்கள் பாட்டை மட்டும் ஒதுக்கவில்லை.

படுகர் ஆட்டத்தை ஏன் டான்ஸ் ஹாலோடு சேர்த்துப் பேசுகிறீர்கள்?

நான் முதன்முதலில் ஆடியது நீலகிரியில் வாழும் படுகர் சமூகத்தின் ஊர் ஒன்றில்தான், அதனால்தான்.

பள்ளியில் எனக்குச் சிநேகிதி ஒரு படுகப் பெண். அவள் ஊர் குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் நடுவில் ஒரு ஹட்டி. படுகர் ஊர்களை ஹட்டி என்றுதான் சொல்வார்கள்: வீடுகள் வரிசையாக ஒட்டியிருக்கும், முன்னால் பொதுவாக ஒரு மைதானம். அவள் அக்கா கல்யாணத்துக்குப் போனேன். பெரியவர்கள் வெள்ளை வேட்டி, வெள்ளைப் போர்வை, தலைப்பாகை. பெண்களும் வெள்ளைதான். சாப்பாடு முடிந்ததும் யாரும் அழைக்காமலே மைதானத்தில் வட்டம் கூடிவிட்டது. முதலில் நிதானம்: இரண்டு எட்டு முன்னால், ஒரு குனிவு, கை வீச்சு, ஒரு திரும்பல். கொஞ்சநேரத்தில் வேகம் பிடிக்கும், எல்லோரும் ஒரே குரலில் கூவுவார்கள். எழுபது வயது ஹெத்தையும் (பாட்டியை அப்படித்தான் சொல்வார்கள்) பேரனும் ஒரே வட்டத்தில், ஒரே அடவில்.

நான் ஓரமாக நின்றேன், ஜன்னலில் நின்ற பழக்கம். அந்தப் பாட்டி வந்து மணிக்கட்டைப் பிடித்து வட்டத்துக்குள் இழுத்துவிட்டார். தெரியாது என்றேன். முன்னால் இருப்பவள் காலைப் பார் என்றார். அவ்வளவுதான் பயிற்சி.

எல்லோரும் கேட்கும் அந்தப் பால்ரூம்கள் எங்கள் மலைக்கு ஒரு பக்கம்தான். அழைப்பு வந்தவர்கள் மட்டும் வர முடிந்த பக்கம் அது. மலையின் உண்மையான நடன மேடை ஹட்டி மைதானம் என்பேன். டிக்கெட், உடுப்பு விதி, ஜோடி எதுவும் வேண்டாம். இப்படிச் சொன்னால் என் ஆங்கிலோ இந்தியச் சிநேகிதிகள் சண்டைக்கு வருவார்கள், அவர்கள் ஹாலும் அவர்களுக்கு ஹட்டிதான் என்று. அதுவும் சரிதான்.

ஒன்று மட்டும்: ஊட்டியில் ஷூட்டிங் வந்தால் படுகர் ஆட்டம் என்று இரண்டு அடியைக் காட்டிவிட்டுப் போவார்கள். அதைப் பார்த்துவிட்டு எளிது என்று நினைக்காதீர்கள். அந்த வட்டத்தில் அரைமணி நேரம் தாக்குப்பிடித்துப் பாருங்கள், இரண்டாயிரம் மீட்டர் உயரத்தில் மூச்சு எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கும்.

அந்த ஆட்டத்துக்கு இசை யாருடையது?

பழைய நாளில் கோத்தர் என்ற பழங்குடியினருடையது. நீலகிரியில் கோத்தருக்கு ஏழு ஊர்கள். கொல்லர் வேலை, மண்பாண்டம், தச்சு, இசை எல்லாம் அவர்கள் கையில். நாதஸ்வரத்துக்குச் சின்னத் தம்பியான 'கொள்', தபட்டை, பெரிய மத்தளங்கள், வளைந்த கொம்பு. படுகர் வீட்டு நல்லது கெட்டதுக்கு அவர்கள் வந்து வாசிப்பது வழக்கமாக இருந்தது. சாவு வீட்டிலும் ஆட்டம் உண்டு. பாடையை அடுக்கடுக்காக அலங்கரித்து, அதைச் சுற்றி ஆடுவார்கள். என் காலத்துக்கு முன்பே பல ஊர்களில் கோத்தரை அழைப்பது குறைந்துவிட்டது. நான் பார்த்த கல்யாணத்தில் ஏற்கெனவே பேண்ட் செட்.

எண்பதுகளுக்குப் பிறகு கீபோர்டு வந்தது, அப்புறம் படுக மொழிப் பாட்டுக் கேசட்டுகள். பஸ்ஸில், டீக்கடையில், கல்யாணத்தில் எல்லா இடத்திலும் அதுதான். வெளியூர்க்காரர்கள் "பாரம்பரியம் போச்சே" என்று வருத்தப்படுவார்கள். ஆடுகிறவர்கள் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. அடி மாறவில்லை. கோத்தர்கள் தங்கள் கோவில் விழாக்களில் தங்கள் வாத்தியத்தைத் தாங்களே வாசிக்கிறார்கள், அங்கே கீபோர்டுக்கு வேலை இல்லை.

கொடைக்கானலிலும் இதே கதைதானா?

இல்லை. அந்த ஊரை 1845 வாக்கில் தொடங்கியவர்கள் அமெரிக்க மிஷனரிகள். ஏரி, கிளப், படகுத்துறை எல்லாம் பின்னால் வந்தன. 1901-இல் மிஷனரிகள் தங்கள் பிள்ளைகளுக்குத் தொடங்கிய பள்ளிதான் இன்றைய கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல். என் சித்தி அங்கே கொஞ்ச காலம் இருந்தார். அவர் பேச்சில் வருவதெல்லாம் கோயர், பியானோ, ஞாயிற்றுக்கிழமைப் பாட்டு. இன்று அந்த மலைக்குப் பெயர் வாங்கிக்கொடுப்பது 100.5 பண்பலை. உயரத்தில் கோபுரம் இருப்பதால் தெற்கே பல மாவட்டங்களில் பஸ் டிரைவர்கள் அதைத்தான் வைக்கிறார்கள்.

இப்போது போனால் பார்க்க என்ன இருக்கிறது?

கிளப்புகளுக்குள் போக உறுப்பினர் யாராவது கூட்டிப்போக வேண்டும். எங்கள் இன்ஸ்டிட்யூட் ஹாலின் மரத்தரையைப் பெயர்த்துவிட்டு டைல்ஸ் போட்டுவிட்டார்கள். அதைப் பார்க்க நீங்கள் போக வேண்டாம், நானும் போவதில்லை. படுகர்களின் தெய்வமான ஹெத்தையம்மனின் திருவிழா டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் வரும். கோத்தகிரிக்கு அருகில் பேரகணியில் பெரிய கூட்டம். அது வழிபாடு, வேடிக்கை இல்லை. வெள்ளை உடுத்தவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நில்லுங்கள், படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள். ஆட்டம் தொடங்கி யாராவது கையைப் பிடித்து இழுத்தால் மறுக்காதீர்கள். உறைபனிக் காலம், கம்பளி கட்டாயம்.

தாத்தா வீட்டில் பழைய இசைத்தட்டும் கேசட்டும் பூஞ்சை பிடித்துக் கிடக்கிறது. என்ன செய்ய?

மலை வீடுகளில் இது தீராத தலைவலி. ஆறு மாதம் மூடிவைத்த பெட்டியைத் திறந்தால் கேசட் நாடாவில் வெள்ளை வெள்ளையாக இருக்கும். பியானோ கூட ஈரத்தில் பலகை உப்பிச் சுருதி ஏறிவிடும். டீச்சர் மழைக்காலம் முடியும் வரை சுருதி சேர்க்கவே மாட்டார், சேர்த்தாலும் நிற்காது.

கேசட்டை எடுத்த உடனே பிளேயரில் போடாதீர்கள். பூஞ்சை ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு சில நாள் வையுங்கள். அப்புறம் உதவாத பழைய பிளேயர் ஒன்றில் முன்னும் பின்னும் ஒருமுறை ஓட்டி உதிரவிடுங்கள். ஹெட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். வினைல் தட்டுக்குக் காய்ச்சி வடித்த தண்ணீரும் ஒரு சொட்டு மிதமான சோப்பும் போதும், நடுவில் உள்ள லேபிளில் ஈரம் படக்கூடாது. ஆனால் கனமான, கீழே விழுந்தால் உடையும் 78 சுழற்சித் தட்டு அரக்கில் செய்தது. அதில் ஸ்பிரிட் பட்டால் மேல்பரப்பு கரைந்துவிடும், பாட்டும் அதோடு போய்விடும். அதைத் தண்ணீரால் மட்டும் லேசாகத் துடைத்து உடனே உலர்த்துங்கள்.

கம்ப்யூட்டரில் பதிவு செய்யும் வசதியைத் தயாராக வைத்துக்கொண்டு ஓட்டுங்கள். சும்மா ஒருமுறை கேட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் பதிவு செய்யலாம் என்று நினைக்காதீர்கள். பழைய நாடா இரண்டாவது தடவை அறுந்துபோகலாம்.